மூன்றாவது நரம்பு வரை

“கொழுப்பையா கேக்கறீங்க? எல்லாரும் அதை எடுத்துடுங்கன்னு சொல்லத்தான் இந்த மணியை அடிப்பாங்க.”

“அதை எடுத்துட்டா அப்புறம் என்ன சார் மிச்சம்? செருப்புத் தோலுதான்.”

கிடங்குக் கடையின் இறைச்சிப் பகுதியில், நான் மணியடித்ததும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து நின்ற, கறி வெட்டும் ஹோவர்டுக்கும் எனக்கும் நடந்த முதல் பேச்சு இது. அவர் சிரித்துவிட்டு உள்ளே போனார், வெட்டாத துண்டு ஒன்றை எடுத்துவந்து கொடுத்தார். நல்ல மனிதர். அவரை இதில் இழுக்க வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன், மேடம். நான் வாங்கியது என்ன என்று மட்டும்தான் அவருக்குத் தெரியும்.

நீங்கள் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிக் கேட்டீர்கள். என் வீட்டில் ஞாயிறு என்பது வியாழக்கிழமை காலையிலேயே தொடங்கிவிடும். அதனால் அங்கிருந்தே வருகிறேன்.

இந்த ஊரில் ஒரு நல்ல பிக்கான்யா வாங்குவதைப் போல எரிச்சலான வேலை வேறு கிடையாது. மாட்டின் பின்பகுதியில், வால் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே, முக்கோணமாக உட்கார்ந்திருக்கும் துண்டு அது. அதன் மேல் விரல் கனத்துக்கு வெள்ளைக் கொழுப்பு. எங்கள் பிரேசிலில் எந்த மூலைக் கசாப்புக் கடையிலும் பெயரைச் சொன்னால் போதும். இங்கே அதற்கு ஒரு வாரம் ஒரு பெயர், மறு வாரம் இன்னொரு பெயர். கொழுப்பை வழித்து எடுத்துவிடுவார்கள். எந்தப் பக்கம் வெட்டக் கூடாதோ அந்தப் பக்கமாகப் பார்த்து வெட்டுவார்கள். தட்டில் அடுக்கி, பிளாஸ்டிக் ஒட்டி, பக்கத்தில் ஒரு கொத்துமல்லிக் கொத்து படம் போட்டுவிடுவார்கள். பார்த்தாலே எனக்கு நெஞ்சு எரியும்.

முழுத் துண்டாக, காற்றை உறிஞ்சிய பையில், கொழுப்போடு வேண்டுமென்றால் வியாழக்கிழமை கடையின் இரும்புக் கதவு மேலே ஏறும்போதே அங்கே நிற்க வேண்டும். லாரியில் வந்த பெட்டி வெட்டும் மேசைக்குப் போவதற்கு முன்னால் பிடிக்க வேண்டும். சில வாரம் பெட்டியே வராது. சில வாரம் ஹோவர்டுக்கு விடுமுறை. புதிதாக வந்தவன் என்னைப் பார்த்து, ‘அப்படி ஒன்று இல்லவே இல்லையே’ என்பான், அவன் முதுகுக்குப் பின்னால் அது இருக்கும். எத்தனையோ வாரம் காலித் தள்ளுவண்டியோடு வெளியே வந்திருக்கிறேன். வாசலில் ரசீதைப் பார்க்கும் அம்மாள், “ஒண்ணுமே வாங்கலையா, ஓஸ்மார்?” என்று கேட்பார். அதற்குப் பதில் சொல்வதும் ஒரு எரிச்சல்.

பெரிய துண்டைப் பார்த்து ஏமாறவும் கூடாது. பிக்கான்யாவில் கொழுப்பு இல்லாத பக்கம் மூன்று இடத்தில் நரம்பு தெரியும். மூன்றாவது நரம்பு வரைதான் பிக்கான்யா. அதைத் தாண்டினால் மெல்ல முடியாத தொடைக்கறி. கடைக்காரர்கள் இரண்டையும் ஒன்றாக விட்டு, ஒரே விலையில் எடை போட்டுவிடுவார்கள். பையின் மேல் கட்டைவிரலை அழுத்தி, நரம்பு எங்கே என்று தேடித்தான் எடுக்க வேண்டும்.

ரெனானை நான் முதலில் பார்த்தது அந்தக் குளிர்பெட்டியின் முன்னால்தான். அப்படித்தான் கட்டைவிரலை அழுத்திக்கொண்டு நின்றான். பெரிய பையைத் திருப்பி வைத்தான். சின்னதை எடுக்கக் கை நீட்டினான். நானும் நீட்டினேன்.

“பெரியவரே, அது நான் பார்த்தது.”

“பார்த்தது நீ. பிடிச்சது நான்.”

“சரி, எடுத்துக்குங்க. ஆனா ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்கு வரணும்னு சொல்லிட்டுப் போங்க.”

எனக்குச் சிரிப்பு வந்தது. நியூசா போன பிறகு நான் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். நியூசா என் மனைவி. ஆக, அவனை வீட்டுக்கு அழைத்து வந்தவனே நான்தான். டல்வா கதவைத் திறந்தாள். அவன் கையில் பூண்டு ரொட்டி இருந்தது. என் மகள் அந்த ரொட்டியை வாங்கி வைக்கவே மறந்துபோய் நின்றாள். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவன்மேல் எனக்கு எந்த வெறுப்பும் இருந்ததில்லை.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அடுப்பில் நிற்பவன் முதல் துண்டை வெட்டி, கத்தி முனையில் வைத்து, யாருக்கு நீட்டுகிறானோ அவர்தான் அன்றைக்கு அந்த வீட்டுக்கு வேண்டியவர். நியூசா இருந்தவரை அவளுக்கு. பிறகு டல்வாவுக்கு. அவள் கல்யாணத்துக்கு அப்புறம் மாப்பிள்ளை ரெனானுக்கு நீட்டினேன். அவன் கொழுப்பைத்தான் முதலில் கடிப்பான், கண்ணை மூடிக்கொண்டு. அவர்கள் பத்து நிமிடத் தூரத்தில் வீடு எடுத்தார்கள். ஞாயிறு தவறாமல் வந்தார்கள். நான் வாரம் முழுக்க அடுத்தவர் வீட்டுச் சுவர்களுக்கு வண்ணம் அடிப்பவன். ஏணியில் நிற்கும்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மேசையைத்தான் நினைத்துக்கொண்டிருப்பேன். ஒரு மனிதனுக்கு வாரத்தில் ஒரு நாள் போதும், மேடம். ஆனால் அந்த ஒரு நாள் வேண்டும்.

பிறகு அந்த உண்ணி கடித்தது.

இங்கே கேப் காட் கடற்கரையில் இருக்கும் கோடை மாளிகைகளின் புல்வெளியை வெட்டுவது ரெனானுடைய தொழில். முழங்காலுக்குப் பின்னால் கடித்திருக்கிறது. அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சில வாரம் கழித்து ஒரு ஞாயிறு மதியம் என் வீட்டில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போனவனுக்குச் சாயங்காலம் உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுத்து, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

“இனிமே மாட்டுக்கறி ஆகாதாம், மாமா. பன்னியும் ஆகாது. உண்ணி கடிச்சதுனால வந்ததாம்.”

நான் அவனைக் கேலி செய்தேன். உண்ணியோடு படுத்து உண்ணியோடு எழுந்த ஊர்க்காரர்கள் நாம், நமக்கு என்ன வந்துவிடும் என்றேன்.

“அது நம்ம ஊர் உண்ணி. இது அமெரிக்கா உண்ணி, மாமா. விசா, பேப்பரெல்லாம் சரியா வெச்சிருக்கு. நம்மள மாதிரி இல்ல.”

அவனும் சிரித்தான், நானும் சிரித்தேன். அதோடு சிரிப்பு முடிந்தது. அடுத்த ஞாயிறிலிருந்து கோழி.

கோழியில் தப்பில்லை. ஆனால் கோழிக்கு முதல் துண்டு என்று ஒன்று கிடையாது. யாருக்கு எதை நீட்டுவது? டல்வா தனிப் பலகை, தனி இடுக்கி, தனிக் கத்தி என்று நீலப் பிடி போட்டு வாங்கி வந்து என் அடுப்படியில் மாட்டினாள். என் அடுப்புக் கம்பிகளைத் தேய்த்தாள். என் கையைக் கழுவச் சொன்னாள். அதோடு அவளும் மாட்டுக்கறியை விட்டுவிட்டாள். உனக்கென்ன வந்தது என்று கேட்டதற்கு, “அவருக்கு முத்தம் கொடுக்கணும்னா நான் சாப்பிடக் கூடாதுப்பா” என்றாள். அவர்கள் இரண்டு பேருக்கும் அது இனிப்பான வேடிக்கை. நான் என் துண்டை அடுப்புப் பக்கமே நின்றபடி தனியாகத் தின்று முடிப்பேன். வியாழக்கிழமை போவதை மட்டும் நிறுத்தவில்லை. ஹோவர்ட் கண்ணாடி வழியாகப் பார்த்துக் கையாட்டுவார். அப்போது பார்த்து பெட்டி ஒழுங்காக வரத் தொடங்கியது. வேண்டும்போது கிடைக்காதது, சாப்பிட ஆள் இல்லாதபோது அடுக்கி வைத்திருந்தது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

வசந்தத்தில் டல்வா வந்து, கொலராடோவுக்குக் குடிபோகிறோம் என்றாள்.

“அங்க அந்த உண்ணி இல்லப்பா. திரும்பக் கடிபடாம இருந்தா நாலஞ்சு வருஷத்துல தானா சரியாகலாம்னு டாக்டர் சொல்றார். இங்க இருந்தா அவர் புல்லுல கால் வைக்காம எப்படிப் பிழைக்கிறது?”

நியாயமான பேச்சு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? நல்லது, போயிட்டு வாங்க என்றேன். பெட்டி கட்ட அட்டைப் பெட்டிகள்கூட நான்தான் கிடங்குக் கடையிலிருந்து கொண்டு வந்து கொடுத்தேன். போகாதே என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வரவில்லை. நான் யாரிடமும் எதையும் கேட்டு வாங்கியவன் அல்ல. அப்பனாகப்பட்டவன் கேட்கக் கூடாது, அவளுக்கே தெரிய வேண்டும் என்று இருந்தேன். அவள் ஒவ்வொரு ஞாயிறும் வந்தாள், கோழி தின்றாள், வாடகை வீடு பார்த்ததைச் சொன்னாள். அவளுக்குத் தெரியவே இல்லை.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. அவனுக்கு அது ஏற்கெனவே சரியாகியிருந்தால்? மருத்துவர்கள் எச்சரிக்கைக்காக ஆயிரம் சொல்வார்கள். சரியாகிவிட்டது என்று தெரிந்தால் போக வேண்டிய அவசியமே இல்லையே. சோதித்துப் பார்ப்பது அவனுக்கும் நல்லது. அவனிடம் சொன்னால் பயப்படுவான், பயமே பாதி நோய். அதனால் சொல்லவில்லை.

முதல் தடவை, பிக்கான்யாவிலிருந்து உருகிச் சொட்டிய கொழுப்பை அவன் கோழியின்மேல் லேசாகத் தடவினேன். நீலப் பிடி போட்ட இடுக்கியால்தான் எடுத்து வைத்தேன். சாயங்காலம் கையைச் சொறிந்தான். புல் பட்டிருக்கும் என்று அவனே சொன்னான். எனக்கு அது நல்ல செய்தியாகப் பட்டது. வெறும் அரிப்புதானே.

இரண்டாவது தடவை கொஞ்சம் கூடுதலாக வைத்தேன். உடம்பு பூராவும் தடித்துவிட்டது. மூச்சடைத்தால் உடனே போடுவதற்கென்று டல்வா தன் கைப்பையில் வைத்திருக்கும் ஊசியைத் தொடையில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். கொழுப்பில்தான் இது அதிகம் என்றும், ஒவ்வொரு தடவையும் முன்னைவிட மோசமாகலாம் என்றும் மருத்துவர் சொன்னார். நானும் அந்த அறையில் இருந்தேன். கவனமாகத்தான் கேட்டேன். டல்வா அன்று இரண்டு ஊசி வாங்கி, ஒன்றைத் தன் கைப்பையிலும் இன்னொன்றை ரெனானுடைய வண்டியின் முன்பெட்டியிலும் வைத்தாள். வைத்த இடத்தை எனக்கும் காட்டினாள். அவள் அந்த மாதிரி, எல்லாவற்றிலும் ஒழுங்கு.

போன ஞாயிறுக்கு வருகிறேன். அதுதான் கடைசி ஞாயிறு. வாடகை லாரிக்குச் சொல்லிவிட்டார்கள்.

வியாழக்கிழமை நல்ல துண்டு கிடைத்தது. இதுவரை வாங்கியதிலேயே நல்லது என்று சொல்வேன். வீட்டில் மூன்றாவது நரம்பில் நிறுத்தி வெட்டினேன், மிச்சத்தைத் தள்ளி வைத்தேன். கொழுப்பில் ஒரு பாகத்தைச் சீவி எடுத்து, சின்ன வாணலியில் மெதுவாக உருக்கினேன். எங்கள் சாப்பாட்டில் மரவள்ளி மாவை எண்ணெயில் வறுத்து உதிரியாகச் செய்வோம், ஃபரோஃபா என்று பேர். ரெனானுக்கு உயிர். கோழியைக்கூடப் பயந்து பயந்து தின்பவன், ஃபரோஃபாவை மட்டும் கரண்டி கரண்டியாகப் போட்டுக்கொள்வான். அன்றைக்கு எண்ணெய்க்குப் பதில் அந்தக் கொழுப்பில் வறுத்தேன். வெங்காயமும் முட்டையும் கூடுதலாகப் போட்டேன், வாசனை தெரியாமல் இருக்க. டல்வாவுக்கு மரவள்ளி மாவு சின்ன வயதிலிருந்தே பிடிக்காது, அதனால் அவளைப் பற்றிக் கவலை இல்லை.

இதை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். என் வீட்டில் அவனுக்கு நான் ஒரு துண்டு இறைச்சிகூடக் கொடுக்கவில்லை. கொழுப்பு வேறு, இறைச்சி வேறு. இங்கேயே பாருங்கள், கடைக்காரர்கள் அதை வழித்துக் குப்பையில் போடுகிறார்கள்.

ரெனான் மூன்று தடவை போட்டுக்கொண்டான். “மாமா, கொலராடோவுக்கு இதை ஒரு மூட்டை கட்டிக் குடுத்துடுங்க. இல்லேன்னா உங்களையே கட்டிக்கிட்டுப் போயிடுவோம்” என்றான். டல்வா அவனைத் தட்டி, “அப்பா அந்தக் கிடங்குக் கடையை விட்டுட்டு வருவாரா? ஹோவர்டை யாரு பார்த்துக்கறது?” என்றாள். நான் தட்டுகளை எடுத்தேன். அவன் அப்படிச் சொன்னது விளையாட்டுக்குத்தான். உண்மையாக அழைப்பதாக இருந்தால் அப்படியா அழைப்பார்கள்?

சாப்பாடு முடிந்ததும் டல்வா தன் தோழியின் வளைகாப்பு மாதிரியான விருந்துக்குப் போனாள். பெண்கள் மட்டும் கூடுவது. கைப்பையை எடுத்துக்கொண்டுதான் போனாள். ரெனான் பின்கட்டில் ஊஞ்சல் வலையில் படுத்தான். அவனுடைய வண்டி வாசலை மறைத்து நின்றது. மேசையில் கிடந்த சாவியை எடுத்து, நான் வண்டியைத் தெருவோரமாகத் தள்ளி நிறுத்தினேன். பூட்டினேன். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். யாருடைய வண்டியானாலும் பூட்டி வைப்பது என் பழக்கம்.

என் கணக்கு என்னவென்றால், அவன் ஒரு வாரம் படுக்கையில் கிடப்பான். லாரியைத் திருப்பி அனுப்புவார்கள். கொலராடோ மலை உயரத்துக்கு இந்த உடம்போடு போக வேண்டாம் என்று மருத்துவர் சொல்வார். அப்புறம் கோடை வந்துவிடும், வேலை வந்துவிடும். பேச்சு தானாக அடங்கிவிடும். இதில் கொலை என்ற சொல்லுக்கு எங்கே இடம் இருக்கிறது?

இது சாப்பிட்ட உடனே வருவதல்ல. சில மணி நேரம் ஆகும். வெயில் சாயும்போது அவன் எழுந்து உட்கார்ந்தான். கழுத்தைத் தடவினான். எழுந்து வீட்டுக்குள் போனான், வெளியே வந்தான், வண்டி நின்ற இடத்தைப் பார்த்தான். வண்டி அங்கே இல்லை. தன் கால்சட்டைப் பைகளைத் தட்டித் தட்டிப் பார்த்தான். என் பக்கம் திரும்பிக் கையைக் காட்டினான். தொண்டை அடைத்துவிட்டதால் பேச்சு வரவில்லை.

நான் கறி குத்திய இரும்புக் கம்பிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். வெந்நீர் ஆறுவதற்குள் தேய்க்க வேண்டும். பாதியில் விட்டால் கொழுப்பு உறைந்து ஒட்டிக்கொள்ளும். இரண்டு மூன்று கம்பிகள்தான் பாக்கி இருந்தன. அவன் புல்லில் முழங்காலிட்டான். அவன் என்ன கேட்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. கேட்கத் தெரிந்தவனுக்குப் பாதி உலகம் சொந்தம் என்று நினைத்துக்கொண்டேன், ஏனென்று தெரியவில்லை. கம்பிகளை முடித்தேன். துடைத்து மாட்டினேன். கையைக் கழுவிவிட்டு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். அவர்கள் சீக்கிரமாகத்தான் வந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆம்புலன்ஸ் சத்தம் காதில் விழுவதற்கு முன்னால் சாவியை அவன் பக்கத்தில் புல்லில் வைத்தேன். அவனே தவறவிட்டதைப் போல இருக்கட்டும் என்றுதான். ஆமாம், இது நான் தெரிந்தே செய்ததுதான். அவன் மூச்சு நின்றுவிடும் என்பதும் தெரிந்தது. அவன் முழங்காலிட்டபோதே தெரிந்தது. இதைத்தானே நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்? எழுதிக்கொள்ளுங்கள். நான்தான் கொன்றேன்.

யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. நானாக வந்தேன். ஏன் வந்தேன் என்று கேட்பீர்கள். அன்றைய கோழித் தொத்திறைச்சியை டல்வாதான் கிடங்குக் கடையில் வாங்கினாள். அதன் மேல்தோல் பன்றிக் குடலாக இருந்திருக்குமோ, தான்தான் சீட்டைச் சரியாகப் படிக்கவில்லையோ என்று அந்தக் காலிப் பையைக் குப்பையிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டு அவள் திரும்பத் திரும்பப் படிக்கிறாள். சாப்பிடுவதில்லை. என்னோடும் பேசுவதில்லை. நேற்று, தனியாகவே கொலராடோ போகப் போகிறேன், ரெனான் பார்த்து வைத்த வீட்டில் இருக்கப் போகிறேன் என்றாள். அவள் தவறு எதுவும் இல்லை என்று தெரிந்தால் மனசு லேசாகும். லேசான மனசோடு யோசிப்பாள். இனி உண்ணி அவளுக்கு ஒரு பிரச்சினை இல்லை. போவதற்குக் காரணமே இல்லை.

இந்த அறைக் கதவைத் திறந்து வைத்துப் பேசலாமா என்று வந்தவுடனே உங்களைக் கேட்டது அதற்காகத்தான், மேடம். காற்றுக்காக அல்ல. என்னை இந்தப் போலீஸ் நிலையத்துக்கு வண்டியில் அழைத்து வந்தவளே அவள்தான், வழக்கமான வாக்குமூலம் என்று நினைத்துக்கொண்டு. இவ்வளவு நேரமும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். இதோ எழுந்துவிட்டாள். கைப்பையை எடுத்துக்கொண்டுவிட்டாள்.

ஒரு நிமிடம் பொறுங்கள். இதை நான் அவளிடம்தான் சொல்ல வேண்டும். இத்தனை நாளும் வராதது இவ்வளவு சுலபமாக வரும் என்று எனக்குத் தெரியாது.

“டல்வா, போகாதம்மா. அப்பாகூடவே இரு.”